சுற்றி எழுதிய எண்

ஆக்குரேரித் துறைமுகத்தில் அக்டோபர் காற்று
கிடங்குத் தகரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது.
ஸ்டெய்ன்வோர் காபியை ஆறவிட்டு
ஒரு வரி எழுதினாள்:
முதலில் ஆறோ ஏழோ எட்டோ,
பிறகு எதுவானாலும் ஆறு இலக்கம்.

இத்தகைய வரிகள் வழக்கமாக வாயிற்காவலர்கள்.
வந்தவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள்,
உள்ளே விடுவார்கள், இல்லையேல் உதட்டைப் பிதுக்குவார்கள்.
அவளிடம் இருந்த லைப்ரரி,
புத்தகமே இல்லாத அந்த நூலகம்,
காவலரைத் திருப்பி நிறுத்திக் கேட்கும்:
யாரை உள்ளே விடுவாய்?
நீயே ஒருவரைச் செய்து காட்டு.
அவரும் சளைக்காமல் செய்வார்.
எண்கள், பெயர்கள், பயண நாட்கள்.
எதற்கும் முகமில்லை. எல்லாம் அளவு சரி.

வெண்பா பழகுகிறவன்
சொல் வாய்க்காத இடத்தில்
தேமா புளிமா என்று நிரப்பிவைப்பதுபோல.
ஈற்றில் மட்டும்
நாள், மலர், காசு, பிறப்பு என்று
வெற்று வாய்பாடே
சட்டென்று எதையோ சொல்லிவிடும்.

படகு நிறுவனத்தின் சோதனைப் பயணி
அப்படித்தான் பிறந்தான்.
பெயர் ஃப்ஸ்வேக். இருக்கை பதினாறு.
விதை எண் மாறாததால்
இரவு இரண்டு மணிக்கெல்லாம்
அதே ஃப்ஸ்வேக், அதே ஏழு இலக்கம்,
"இன்று உங்கள் படகு புறப்படாது" என்ற அதே செய்தி.
யாரோ ஒரு கம்பியைக் கழற்ற மறந்திருந்தார்கள்.
செய்தி வெளியே போனது.

நான்கு லட்சம் பேர்கூட இல்லாத நாடுதான்.
ஆனாலும் கண்ணை மூடி எறிந்த கல்
ஒரு கூரையில் விழுந்தது.
மூன்றாம் இரவு பதில் வந்தது:

"நான் ஃப்ஸ்வேக் இல்லை, ஈஸ்லெய்ஃபுர்.
நாலு மணிக்கு வலை எடுக்கப் போகிறவன்.
எந்தப் படகிலும் இடம் கேட்கவில்லை.
ஆனால் நீங்கள் சொல்வது சரி,
இந்தக் காற்றில் ஒன்றும் புறப்படாது."

காலையில் பார்த்து எழுதினாள்:
"மன்னிக்கவும். அது யாருடைய எண்ணும் இல்லை
என்று நினைத்துவிட்டோம்."
"இருபது வருடமாக என்னுடையது," என்றான்.
பத்து நிமிடம் கழித்து இன்னொன்று:
"பதினாறு சன்னலோரமா?"
படத்தைத் திறந்து பார்த்தாள்.
ஆமாம்.

கம்பியை அறுக்க ஐந்து நிமிடம்.
இனி ஒரு தொலைபேசியும் அதிராது.
அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம்.
அவளுக்கோ ஒரு சொல் எழுத வேண்டியிருந்தது,
இவரைத் தவிர, என்று.
லைப்ரரிக்கு 'தவிர' தெரியாது.
ஆக்கச் சொன்னால் ஆக்கும்,
ஒருவரை விட்டுவிடச் சொன்னால்
பிழை என்று சிவப்பாகச் சொல்லி நின்றுவிடும்.

ஆகவே தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டாள்.
முதல் இலக்கம் அவனுடையது அல்ல, மீதி எதுவும்.
அல்லது முதல் அவனுடையது, இரண்டாவது அல்ல.
அல்லது இரண்டும் அவனுடையவை, மூன்றாவது அல்ல.
இப்படி ஏழு கிளைகள்.
ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஒரு அடி
அவன் பக்கமாகப் போய் விலகியது.
ஏழாவது
அவன் கதவுப்பிடிவரை வந்து
கையை எடுத்துக்கொண்டது.

முப்பது லட்சத்தில் ஒன்று குறைவு.
அந்த ஒன்று எதுவென்று எங்கும் எழுதவில்லை.
ஆனால் கோட்டைப் பின்பற்றிப் படிப்பவருக்கு
அவன் எண்ணைத் தவிர
வேறெதுவும் அதில் தெரியாது.

நிரலைச் சரிபார்த்த ஓர்வார் கேட்டான்:
"ஒரு வரியாக இருந்ததே, இது என்ன?"
அவள் ஓரத்தில் குறிப்பு வைத்தாள்:
"இங்கே ஒருவர் தூங்குகிறார்."
அவன் சிரித்தானோ என்னவோ,
ஒப்புதல் கொடுத்துவிட்டான்.

இருக்கை பதினாறை அவள் தொடவில்லை.
இன்றிரவு இரண்டு மணிக்கு
க்யூமொத் என்கிற எவனோ
சன்னலோரம் உட்கார்ந்திருப்பான்,
புறப்படாத படகில்.